இரைச்சல் இசைக் கேசட்டில் எந்த இரைச்சல் பழுது?

பழைய பாட்டுக் கேசட்டைக் கணினிக்கு மாற்றுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. குரல் எப்படி இருக்கும், வயலின் எப்படி இருக்கும் என்று காதுக்கு முன்பே தெரியும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் பழுது. ஒலி கலக்கும் மிக்ஸரின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டுப் பதிவுசெய்த 1980களின் இரைச்சல் இசைக் கேசட்டில் இந்த வசதி கிடையாது. சீறல், ஹம் (மின்சார முனகல்), கிறீச், சிதைவு, திடீர் மௌனம் எதுவும் இசையாக இருக்கலாம், கேசட்டை ஓட்டும் டெக்கின் கோளாறாகவும் இருக்கலாம். இது தெரியாமல் சுத்தம் செய்யப் போனால், கலைஞர் போட்டதை எடுத்துவிட்டு உங்கள் டெக் போட்டதை வெளியிடுவீர்கள்.

ஜப்பானில் மெர்ஸ்போ என்ற பெயரில் இயங்கும் மசாமி அகிதா 1979இலிருந்தே சொந்தமாகக் கேசட் லேபிள் நடத்தித் தபாலில் பரிமாறிக்கொண்டவர். அந்த வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்ததால், வீட்டில் ஒவ்வொன்றாக நகலெடுத்த கேசட்டுகள் இன்றும் எங்கெங்கோ பெட்டிகளில் கிடைக்கின்றன. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்த வகைக் கேசட்டுகளுக்கு. ஓடு இல்லாமல் திறந்த சுருளாக வரும் ஸ்பூல் டேப் வேறுபடும் இடங்களில் தனியே சொல்லியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று வேலை. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள பதிவுத் தடுப்புக் காதுகளை உடைத்துவிடுங்கள். டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கேப்ஸ்டன் இரண்டையும் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஹெட்போன் துளையை விட்டுவிட்டு லைன் அவுட்டிலிருந்து 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல், எந்த வடிகட்டியும் போடாமல் ஒரு நகல் எடுங்கள். மற்ற சோதனைகளை முடிந்தவரை இந்த நகலில் செய்யுங்கள், டேப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளைத் திறக்கவே வேண்டாம். ‘இரைச்சல் மாதிரி’ என்று அது கேட்கும்போது எதைக் காட்டுவீர்கள்?

அறிகுறி: டேப் சுற்றவில்லை, அல்லது சுற்றிச் சுற்றி நிற்கிறது

முதலில் கேசட்டை உற்றுப் பாருங்கள். டேப் அடுக்கின் ஓரத்தில் வெள்ளையாகத் தூளோ நூலோ தெரிந்தால் அது பூஞ்சை. அத்தோடு நிறுத்துங்கள். ஓட்டினால் தூள் டெக்கில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், உங்கள் மூச்சிலும் போகும். பிளாஸ்டிக் பையில் தனியாகக் கட்டி, டேப் மீட்பு செய்கிறவரிடம் கொடுங்கள். கடற்கரை ஊர்களில் வைத்திருந்த கேசட்டென்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பூஞ்சை இல்லையா? பென்சிலால் சுற்றிப் பாருங்கள்.

கையால் எளிதாகச் சுற்றினால் கோளாறு டெக்கில். பெரும்பாலும் பெல்ட். பழைய ரப்பர் பெல்ட் தளர்ந்து நழுவும், சில டெக்குகளில் தார்போல் உருகிக் கப்பியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் மலிவு. அந்தத் தாரைச் சுரண்டியெடுக்கத்தான் பொழுது போகும்.

கையாலும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கேசட்டில். உள்ளங்கையில் தட்டையாக நாலு தட்டு தட்டுங்கள், மேடுபள்ளமாகச் சுற்றியிருக்கும் அடுக்கு சமப்படும். பிறகு மெதுவாகக் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். அப்போதும் இறுகினால் ஓடு வளைந்திருக்கிறது: ஐந்து திருகு உள்ள ஒரு காலிக் கேசட்டின் ஓட்டைத் திறந்து, உள்ளிருப்பதை அப்படியே மாற்றி வையுங்கள். ஒட்டி மூடிய ஓடென்றால் மெல்லிய கத்தியால் விளிம்பில் பிளக்க வேண்டியிருக்கும். கை நடுக்கம் உள்ளவர்கள் இதைப் பிறரிடம் விடலாம்.

சி-120 கேசட்டுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. அதன் டேப் சுமார் 9 மைக்ரான்தான், சி-60இல் பாதி. வேகமாகச் சுற்றும் பொத்தானைத் தொடவே வேண்டாம். ப்ளேயில் ஓடும் வேகத்திலேயே ஓடட்டும்.

அறிகுறி: கிறீச்சென்று கத்துகிறது

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு டெக்கின் பக்கத்தில் காதை வையுங்கள்.

*கத்தல் இப்போதும் கேட்கிறது.* அப்படியென்றால் அது இசை அல்ல. டேப்பே ஹெட்டில் உரசிக் கத்துகிறது. உடனே நிறுத்தி ஹெட்டைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் ரப்பர் உருளையைத் துடைத்து, டேப்பை முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, மறுபடி ஓட்டுங்கள். வேறொரு டெக்கில் போட்டும் பாருங்கள். சில நேரம் அந்த டெக்கின் இழுவிசை மட்டுமே காரணமாக இருக்கும். ஹெட்டில் பழுப்பாகப் பிசுபிசுப்பு படிந்திருந்தால், காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கிறது. ஓட்ட ஓட்டப் பதிவே உரிந்து வரும். துடைத்துத் துடைத்து முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

இந்தப் பிசுபிசுப்பு கேசட்டைவிட ஸ்பூல் டேப்பில்தான் அதிகம், அதிலும் முதுகுப் பூச்சு உள்ள டேப்பில். ஆம்பெக்ஸ் 406, 456 இரண்டும் இதற்குப் பேர்போனவை. சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணிநேரத்துக்கு மேல் சீராகச் சூடேற்றினால் சில வாரங்களுக்கு ஓட்டும்படி ஆகும், அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். ஆனால் எல்லா ஸ்பூலையும் சூடேற்றக் கூடாது. சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிட்டேட், சூட்டில் நாசமாகும். ஊடுருவாவிட்டால் பாலியெஸ்டர். சமையலறை அவன், ஹேர் டிரையர் எல்லாம் வேண்டாம், வெப்பம் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கும். கேசட்டை ஓட்டோடு சூடேற்றவும் வேண்டாம். ஒரே பிரதி என்று தெரிந்தால் இந்த வேலை தொழில்முறை மீட்பாளருக்குத்தான். செலவு இருக்கிறது, ஆனால் இந்த வழிகாட்டியிலேயே செலவுக்கு முழுத் தகுதி உள்ள இடமும் இதுதான்.

*கத்தல் போய்விட்டது.* அப்படியென்றால் அது டேப்பில் பதிவாகியிருக்கிறது. விட்டுவிடுங்கள். அசல் பதிவின்போதே அந்த டெக் கத்தியிருந்தாலும் கவலையில்லை, அதுவும் இப்போது பதிவின் பகுதிதான்.

அமெரிக்க இசையமைப்பாளர் வில்லியம் பசின்ஸ்கி 1980களின் தொடக்கத்தில் செய்த டேப் சுருள்களை 2001இல் நகலெடுக்கும்போது துகள் உரிந்துகொண்டே வர, உரியட்டும் என்று ஓடவிட்டு அதையே வெளியிட்டார். புகழும் பெற்றார். அவர் செய்தது அவருடைய டேப்பில். அடுத்தவர் டேப்பில் நமக்கு அந்த உரிமை கிடையாது.

அறிகுறி: போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மந்தமாக இருக்கிறது

மிக அதிகம் ஏமாற்றும் அறிகுறி இதுதான். மந்தமான இரைச்சல் கேட்க அழகாக, ‘அடர்த்தியாக’ இருக்கும். கலைஞரின் ரசனை என்று எழுதிவிடத் தோன்றும். முதலில் பாருங்கள்: இரண்டாம் பக்கமும் இதே அளவு மந்தமா? ஒரு பக்கம் மட்டும் மந்தமென்றால் பதிவின் தன்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் மந்தமென்றால் இந்த வரிசையில் போங்கள்.

அழுத்தப் பஞ்சு. கேசட்டின் நடுவே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு பசை காய்ந்து விழுந்திருக்கும். இன்னொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம், அல்லது ஓட்டை மாற்றலாம்.

டால்பி, அதாவது டேப்பின் சீறலைக் குறைக்கும் முறை. டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டு ஓட்டினால் மந்தமாகும். இங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. டால்பி-பி, ஒலி தாழ்ந்திருக்கும்போது உச்ச அதிர்வெண்களில் மட்டும் வேலை செய்யும். இரைச்சல் முழு வேகத்தில் கொட்டும் இடத்தில் பொத்தானைப் போட்டாலும் எடுத்தாலும் வித்தியாசமே தெரியாது. ஆகவே ‘போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். ஒலி மங்கி அடங்கும் கடைசி நொடிகளில் சோதியுங்கள். அட்டையில் குறிப்பு இல்லாவிட்டால் டால்பி இல்லாமல் எடுப்பதே பாதுகாப்பு. குறிப்பு இருந்தால் இரண்டு நகலும் எடுங்கள்.

ஹெட்டின் கோணம். வீட்டில் நகலெடுத்த கேசட்டில் இது கிட்டத்தட்ட நிச்சயம் தவறியிருக்கும், ஏனென்றால் நகலெடுத்த டெக்கின் ஹெட் ஒரு சாய்வில், உங்களுடையது வேறு சாய்வில். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட திருகு இருக்கும். இரண்டு சேனலையும் சேர்த்து மோனோவாக்கி ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதை மிக மெல்லத் திருப்புங்கள். சீறல் கூர்மையாகும் புள்ளியில் நிறுத்துங்கள். பாட்டுக் கேசட்டில் இதற்கு நல்ல காது வேண்டும். இரைச்சல் இசையில் எல்லா அதிர்வெண்ணும் ஒருசேர நிரம்பியிருப்பதால் கூர்மை சட்டென்று திறந்துகொள்ளும். இடமும் வலமும் முற்றிலும் வேறு வேறு இரைச்சலாகப் பதிந்திருந்தால் மோனோ சோதனை உதவாது. ஒவ்வொரு சேனலையும் தனியே கேட்டு உச்சம் தேடுங்கள். திருகின் தொடக்க நிலையைப் பேனாவால் குறித்துவைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கோணம் சரியாக்கியும் எல்லாக் கேசட்டும் மந்தமாகவே ஒலித்தால் ஹெட் தேய்ந்திருக்கிறது. நகத்தை மெதுவாக ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். அதை மாற்றும் செலவில் பெரும்பாலும் இன்னொரு நல்ல டெக் கிடைக்கும்.

அறிகுறி: ஹம் கேட்கிறது

கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாஸ் பொத்தானை அழுத்துங்கள்.

*ஹம் நிற்கவில்லை:* உங்களுடையது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் இதோடு தீரும். பிறகு டெக்கை ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் அடாப்டர்களிலிருந்தும் ஓரடியாவது தள்ளி வையுங்கள். பிறகு கேபிள். கடைசியில் ஹெட்டின் எர்த் கம்பி விட்டிருக்கலாம், அது மெக்கானிக் வேலை.

*ஹம் நின்றது:* டேப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஹெட் டேப்பைத் தொடும் நிலையில் மட்டும் அருகிலுள்ள ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடித்துக்கொள்ளும் டெக்குகளும் உண்டு. ஆகவே ஸ்பெக்ட்ரோகிராமில் (அதிர்வெண்களை நேரத்தோடு படமாகக் காட்டும் மென்பொருள் காட்சி) பாருங்கள். ஹம் அதில் ஒரு கோடாகத் தெரியும். அளவுகோல் வைத்துக் கோடிட்டதுபோல் நேராக இருந்தால் உங்கள் வீட்டு மின்சாரம். லேசாக நெளிந்தால் டேப்பின் ஓட்டத்தோடு சேர்ந்து அசைகிறது, பதிவிலேயே இருக்கிறது.

இனிமேல்தான் இந்த ஹம் உங்களுக்கு நன்மை செய்யப்போகிறது. ஜப்பான் ஒரே நாடாக இருந்தாலும் மின்சாரம் இரண்டு. 1890களில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதில் கிழக்கு 50 ஹெர்ட்ஸ், மேற்கு 60 ஹெர்ட்ஸ் என்று பிரிந்து இன்றுவரை அப்படியே இருக்கிறது. ஹிஜோகைதான் போன்ற இரைச்சல் இசைக் குழுக்கள் கிளம்பிய, ஒசாகாவைச் சுற்றியுள்ள கன்சாய் பகுதியில் வீட்டு மின்சாரத்தில் பதிவுசெய்த கேசட் 60 பேசும், டோக்கியோ கேசட் 50 பேசும். நமக்கும் இலங்கைக்கும் 50. எனவே சென்னையில் நகலெடுத்த கன்சாய்க் கேசட்டில் 50, 60 இரண்டும் தெரிந்தால், எது அவர்களுடையது எது உங்களுடையது என்று கேட்கவே வேண்டாம்.

வேகமும் இதிலிருந்தே தெரியும். டோக்கியோ பதிவு என்று உறுதியாகத் தெரிந்த கேசட்டில் ஹம் 53 ஹெர்ட்ஸில் நின்றால் ஓட்டம் 6 சதவீதம் வேகம், ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் ஏறி ஒலிக்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் பத்தாம் மடங்கைப் பாருங்கள், 500 இருக்க வேண்டிய இடத்தில் 530. ராகமோ சுருதியோ இல்லாத இசையில் வேகம் தவறியதைக் காதால் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஹம் ஒன்றுதான் சாட்சி. ஆனால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். முதலில் 3000 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட்டைப் போட்டு உங்கள் டெக் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். டெக் சரி, டேப் மட்டும் தவறு என்றால் கலைஞரே வேகத்தை மாற்றி நகலெடுத்திருக்கலாம். அது அவர் முடிவு. அந்த ஹம்மையும் வெட்டியெடுக்க வேண்டாம்.

அறிகுறி: சிதைவு. ஒலி அளவு மீறி அலையின் முனையைச் சீவியது (கிளிப் செய்தது) அவர்களா, நானா?

அலைவடிவத்தைப் பெரிதாக்குங்கள். மேல்முனை கத்தியால் சீவியதுபோல் படுக்கையாக, எல்லா உச்சமும் ஒரே உயரத்தில் இருந்தால் உங்கள் கருவி நிரம்பி வழிந்திருக்கிறது. டேப்பில் ஏறுவதற்கு முன்பே சீவப்பட்ட அலை, டேப் வழியாக வரும்போது சாய்ந்துவிடும், படுக்கையாக நிற்காது. சந்தேகமிருந்தால் உள்ளீட்டை 10 டெசிபல் குறைத்து ஒரு நிமிடம் மட்டும் மறுபடி எடுங்கள். சீவல் மறைந்தால் உங்களுடையது. தாழ்ந்த உயரத்திலும் அதே வடிவம் இருந்தால் அவர்களுடையது, கையை எடுங்கள்.

அறிகுறி: இரண்டாம் பக்கம் தலைகீழாக ஓடுகிறது

மெதுவாக, இருட்டாக, பின்னோக்கி ஓடும் இசை. இரைச்சல் இசையில் இதைவிடப் பொருத்தமாக ஒன்று இருக்க முடியாது என்று தோன்றும். நம்பிவிடாதீர்கள், அது நாலு ட்ராக் மாஸ்டராக இருக்கலாம். 1979இல் டியாக் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தபிறகு சாதாரணக் கேசட்டில் ஒரே திசையில் நாலு ட்ராக் பதிவது வீட்டளவுக்கு வந்துவிட்டது. அந்த மாடல் வழக்கமான 4.76 சென்டிமீட்டருக்குப் பதில் நொடிக்கு 9.5 சென்டிமீட்டர் ஓடும். ஆகவே சாதாரண டெக்கில் முதல் பக்கம் பாதி வேகத்தில் இரண்டு ட்ராக்கையும், திருப்பிப் போட்டால் மீதி இரண்டைப் பின்னோக்கியும் தரும்.

சோதனை எளிது. இரண்டாம் பக்க நகலைக் கணினியில் திருப்பிப்போட்டு, முதல் பக்கத்தோடு அருகருகே வையுங்கள். தொடக்கமும் முடிவும் பொருந்தினால் நாலு ட்ராக்தான். அப்போது நாலு ட்ராக் டெக் வைத்திருப்பவரைத் தேடுங்கள். கணினியில் வேகத்தை இரட்டிப்பாக்கி ஒட்டவைக்கலாம், ஆனால் இரண்டு ஓட்டங்களின் நெளிவு வேறு வேறு என்பதால் ட்ராக்குகள் மெல்ல விலகிக்கொண்டே போகும். சில மாடல்களில் சீறலைக் குறைக்க ஒலியைச் சுருக்கிப் பதியும் டிபிஎக்ஸ் முறையும் உண்டு, அதை விரிக்க அதே கருவி வேண்டும். இன்னொன்று: மாஸ்டர் என்றால் கலவை இன்னும் நடக்கவில்லை. உரியவர் இல்லாமல் நீங்களாகக் கலந்து ‘கண்டெடுத்த ஆல்பம்’ என்று வெளியிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறிகுறி: ஒலி நடுநடுவே அறுந்துபோகிறது

அதே இடத்தை இரண்டு முறை எடுங்கள். அறுபடும் இடம் மாறினால் தூசி, துடையுங்கள். மாறாவிட்டால் டேப் மடிந்திருக்கும், அல்லது கலைஞர் பொத்தானை அழுத்தியிருப்பார். டேப்பின் மடிப்பு இரண்டாம் பக்கத்திலும், அதன் முடிவிலிருந்து அதே தூரத்தில், பள்ளம் காட்டும், பொத்தான் காட்டாது.

அறிகுறி: ஒலி சரியாகிவிட்டது, ஆனால் யாருடையது என்று தெரியவில்லை

டேப் உங்களிடம் இருக்கிறது என்பதால் பதிவு உங்களுடையது ஆகாது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. ஜப்பானில் 50 ஆக இருந்தது 2018இன் இறுதியில் 70 ஆனது. 1980களின் கேசட் எதுவும் இரண்டு நாட்டிலும் இன்னும் பொதுச்சொத்து ஆகவில்லை.

மலிவான வழியிலிருந்து தொடங்குங்கள். அட்டையின் உள்மடிப்பில் தபால் முகவரி இருக்கும், அந்தக் காலத்தில் அதுதான் கடை. லேபிள் பெயரை வைத்து டிஸ்காக்ஸ் என்ற இணைய இசைப் பட்டியலில் தேடுங்கள். அதே தலைப்பில் வேறு கலவைகள் வெளிவந்திருப்பது இந்த வட்டாரத்தில் சாதாரணம், ஆகவே நீளத்தையும் ஒப்பிடுங்கள். ‘வெளிவராத அரிய பதிவு’ என்று அறிவிக்கும் முன் மறுவெளியீட்டுப் பெட்டிகளையும் பாருங்கள். மெர்ஸ்போவின் பழைய பதிவுகள் 2000இல் 50 குறுந்தகடுகளாக ஒரே பெட்டியில் வந்துவிட்டன. நீங்கள் ‘கண்டுபிடித்தது’ அதில் இருக்கலாம்.

ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ட்யூடர் அமைத்துக்கொடுத்த மூக் சிந்தசைசர் ஸ்டூடியோவின் டேப்புகளை, பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே கண்டெடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் உள்ளிட்டோரின் பதிவுகள் 2023இல் தொகுப்பாக வெளிவந்தன. அங்கே யாரிடம் முதலில் போய்க் கேட்பது என்ற குழப்பம் இல்லை, டேப் பிறந்த இடத்திலேயே இருந்தது. பழைய பொருள் சந்தையில் வாங்கிய கேசட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

உரியவர் கிடைத்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், எத்தனை பிரதி, எந்த வடிவம் என்பதோடு. வடிகட்டாத முழு நகலை அவருக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன சந்தேகங்களில் மிச்சமிருப்பதை ஒரே மின்னஞ்சலில் தீர்க்கக்கூடியவர் அவர் மட்டும்தான். கிடைக்கவே இல்லையென்றால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31-அ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது விண்ணப்பம், விளம்பரம் என்று போகும். வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய கட்டம் அது.

அறிகுறி: வெளியிடும் இடத்தில் சிக்கல்

*‘ஒலிக்கோப்பு பழுதானது’ என்று தளம் திருப்பி அனுப்புகிறது.* தானியங்கிச் சோதனைக்கு உங்கள் இசை பழுதான கோப்பாகத்தான் தெரியும். வகை, குறிப்பு இரண்டிலும் பரிசோதனை இசை (எக்ஸ்பெரிமென்டல்) என்று தெளிவாக எழுதி மனிதர் ஒருவர் பார்க்கும்படி கேளுங்கள். தூக்கத்துக்கான மழைச்சத்தம், வெள்ளை இரைச்சல் வகையறாவில் மட்டும் போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை போன்ற இடத்தில் அவற்றுக்குத் தனி விதி, குறைந்த வருமானம்.

*எம்பி3இல் தண்ணீருக்குள் சுழல்வதுபோல் கேட்கிறது.* கோப்பைச் சுருக்கும் முறைக்குத் தூக்கியெறிய ஏதாவது வேண்டும். நிறைந்த இரைச்சலில் எறிய எதுவும் இல்லாமல் திணறும். 128 கிலோபிட்டில் கொடுக்காதீர்கள். 320, அல்லது எதையும் இழக்காத ஃப்ளாக்.

*வினைல் வெட்டுபவர் மறுக்கிறார்.* அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இடைவிடாத உச்ச அதிர்வெண் வெட்டும் ஹெட்டைச் சூடேற்றி எரித்துவிடும், விலை உயர்ந்த பொருள். இடமும் வலமும் எதிர் திசையில் ஓடும் ஸ்டீரியோ பேஸ் (தாழ்ந்த ஒலி) ஊசியைப் பள்ளத்திலிருந்து தூக்கும். ஒலி அளவைக் குறையுங்கள், பக்கத்துக்கு 20 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், பேஸை மோனோவாக்கலாமா என்று கலைஞரைக் கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கேசட்டிலேயே வெளியிடுங்கள். பிறந்த வடிவம் அதுதான், செலவும் குறைவு. வினைல்தான் வேண்டுமென்று இருந்தால், அச்சடிக்கும் முன் வரும் சோதனைத் தட்டை அசல் நகலோடு ஸ்பெக்ட்ரோகிராமில் ஒப்பிடுங்கள். ஆலையில் கேட்பவருக்கு இந்த இசையில் எது தவறு என்று சொல்ல முடியாது.